இரண்டு மஃரிபுக்கு நடுவே

முன் சீட்டின் முதுகில் ஒரு சின்ன டிவி இருந்தது. அதில் நீலமாய்க் கடல், கடலுக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை விமானம், அதற்குக் கீழே ஒரு எண். துபாய் போய்ச்சேர இன்னும் இத்தனை கிலோமீட்டர். அந்த எண்ணைப் பார்க்கக் கூடாது என்று ஜுலைகா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், மூடின கண் நாலு மூச்சுக்கு மேல் நிற்காது, திறந்தால் எண் குறைந்திருக்கும். எண்ணுக்கு என்ன வெட்கமா மானமா, அது பாட்டுக்குக் குறைந்துகொண்டே போனது. மதுரையில் கிளம்பும்போது மூவாயிரத்தை ஒட்டி இருந்தது, அப்போது நிம்மதியாக இருந்தது, மூவாயிரம் என்பது பெரிய தூரம், கடல் இருக்கிறது, மலை இருக்கிறது, அதற்குள் என்னவெல்லாமோ நடக்கலாம். இப்போது பாதிக்கு வந்துவிட்டது. குறையக் குறைய அவளுக்குப் பயம்தான் வந்தது. கட்டின புருஷனைப் பார்க்கப் போகிறவளுக்குத் தூரம் குறைந்தால் சந்தோஷம்தானே வரணும், காயல்பட்டினத்தில் தெருவே அப்படித்தான் சொல்லி அனுப்பியது, ஜுலைகாவுக்கு யோகம் அடிச்சிருச்சு, இனி ராஜாத்தி மாதிரி மச்சான் பக்கத்துல இருப்பா என்று. அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பக்கத்துல இருந்து என்ன பேசறது என்று ஒருத்தியும் சொல்லித் தரவில்லை. கேட்கவும் முடியாது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து, கல்யாணம் முடித்துக்கொடுத்த மகள் வீட்டில் இருக்க, ஒரு பொம்பளை போய் அதைக் கேட்டால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அதனால் கேட்காத கேள்வியைக் கைப்பையோடு மடியில் வைத்துக்கொண்டு, நோன்பு வாயோடு, இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

பயணத்தில் நோன்பு கட்டாயமில்லை, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மகள் ருக்சானா படித்துப் படித்துச் சொன்னாள். இவள் கேட்கவில்லை. விடியுமுன்னே சஹருக்கு எழுந்தது எழுந்தாச்சு, நோன்புக்கு மனசில் நிய்யத்து வைத்தது வைத்தாச்சு, நாலு மணி நேரத்துப் பயணத்துக்கு நோன்பை விடுவதா. நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார். ஏறிப் போனவர்களுக்குத் தெரியாது, அவர்கள் தூங்கிவிடுவார்கள். தரையில் கிடந்தவளுக்குத்தான் தெரியும். அவஹ ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் (அவஹ என்றால் அவள் புருஷன் மொகுதூம், கட்டினவர் பேரை வாயால் சொல்லும் வழக்கம் ஜுலைகாவுக்கு இல்லை, நாமும் அவஹ என்றே வைத்துக்கொள்வோம்) விமானம் கிளம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து வைத்துக்கொண்டு உள்ளறையில் போய் உட்கார்வாள். சமைக்க மாட்டாள், யாரோடும் பேச மாட்டாள். அந்த நேரத்தில் அவஹ இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. வீட்டில் இருந்தால் விருந்து, அங்கே போய்விட்டால் போன், நடுவில் இருக்கும் இந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் அவளுக்குப் புருஷன் என்று ஒருத்தர் எங்கே இருக்கிறார் என்றே சொல்ல முடியாது. பிறகு போன் அடிக்கும். "ஏளா, இறங்கிட்டேன்." அந்தக் குரல் கேட்டதும்தான் அவளுக்கு உடம்பில் ரத்தம் ஓடும், எழுந்து உலையை வைப்பாள். வானத்தில் அந்த நாலு மணி நேரத்துக்குள் என்னதான் இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். இப்போது உள்ளேயே வந்து பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. ஏ.சி. குளிரும், யாரோ ஒரு குழந்தையின் அழுகையும், குறைந்துகொண்டே போகிற ஒரு எண்ணும்தான்.

ஒரு தடவை கேட்டாள், கல்யாணமான புதுசில், எவ்வளவு தூரம் இருக்கும் என்று. "ஒரு தூக்கம் தூரம்" என்றாஹ. அவஹளுக்குப் பேச்சு அப்படித்தான், போனில் வந்துவிட்டால் ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை, சிரிக்க வைக்காமல் போனை வைக்க மாட்டாஹ. நேரில்தான் வேறு ஆள். காயலில் பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவார், வீடு பொண்ணுக்கு, மாப்பிள்ளை என்றைக்கும் மாப்பிள்ளை. மூணு வேளை உட்கார வைத்துப் பரிமாறுகிற விருந்தாளி. உள்ளூரில் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளைகளுக்கு இது நாளடைவில் பழகி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்து உப்பு உறைப்பு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அது பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும். வந்த அன்றைக்கு பிரியாணி, மறுநாள் இவள் சின்னம்மா சாச்சி வீட்டில் அழைப்பு, அதற்கு மறுநாள் அக்கா முறையான ராத்தா வீட்டில், பிறகு அவஹ உம்மா வீட்டில். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள், இவள் வீட்டில் லீவு நாற்பது நாளும் விருந்துதான். பளபளவென்று அயர்ன் பண்ணின கைலி, அத்தர் வாசனை, சாப்பிட்டு முடித்து "நல்லா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தை. யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது, பொதுவாக எல்லாருக்கும். ராத்திரி கதவைச் சாத்தின பிறகும் விருந்தாளிதான், கட்டிலில் ஓரமாகப் படுத்துக்கொண்டு, "ஃபேனைக் குறைக்கட்டுமா" என்று கேட்பாஹ. இவளும் குறைக்கச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, "உங்க இஷ்டம்" என்பாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

ஆனால் அவஹ திரும்பிப் போய் இறங்கின நிமிஷத்திலிருந்து தினம் சாயங்காலம் போன். முதலில் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள், பிறகு வீட்டுக்கே லைன் வந்தது, பிறகு கைப்போன். நோன்பு மாசத்தில்தான் அது உச்சம். இங்கே சூரியன் மறைந்து பள்ளியில் மஃரிப் பாங்கு சொல்லும்போது துபாயில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஒன்றரை மணி நேரம் பின்னால். இவள் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து ஒரு வாய் தண்ணீர் குடித்து நோன்பைத் திறந்துவிட்டு, கஞ்சியைத் தொட மாட்டாள். மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அங்கே சூரியன் இறங்கி, அவஹ போன் பண்ணி, "ம், தொறந்துட்டேன், நீயும் குடி" என்ற பிறகுதான் கோப்பையை எடுப்பாள். கஞ்சி அதற்குள் ஆறி ஆடை படர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குடிப்பார்கள். "ஊர்ல எல்லாருக்கும் ஒரு மஃரிப், உம்மாவுக்கு ரெண்டு" என்று ருக்சானா கேலி பண்ணுவாள். பண்ணட்டுமே. அந்த ஆறின கஞ்சிக்கு இருந்த ருசி சூடான கஞ்சிக்கு அவள் வாயில் இருந்ததில்லை. வீடியோவில் பேசலாமே என்று மருமகன் சொல்லிக் கொடுத்தபோது இரண்டு பேருக்குமே ஒத்துவரவில்லை. முகம் தெரிந்ததும் அவஹ விருந்தாளி ஆகிவிட்டாஹ, இவள் முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டே இருந்தாள். அதோடு விட்டுவிட்டார்கள்.

சரி, அதெல்லாம் லீவு குறைவாக இருந்ததால் வந்த கூச்சம், கூட இருந்தால் பழகிவிடும் என்று யாராவது சொல்லலாம். அதற்கும் வழியில்லை. கொரோனா வந்ததே. லீவில் வந்திருந்த அவஹ விமானம் நின்றுபோய் மாசக்கணக்கில் ஊரிலேயே மாட்டிக்கொண்டாஹ. ஜுலைகா உள்ளுக்குள் பூரித்துப் போனாள், சொல்லப்போனால் அல்லா நமக்காகவே பூட்டுப் போட்டுவிட்டான் என்றுகூட நினைத்தாள், பாவம். முதல் மாசம் போனது. இரண்டாவது மாசம் வீட்டில் இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அது போனில் ஏற்கெனவே சொன்னதாக இருந்தது. தினம் சொல்லித் தீர்த்துவிட்டால் மிச்சம் எங்கே இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் காயப்போட்ட வத்தலை எடுக்க மாடிப்படி ஏறினாள். மொட்டை மாடியில் அவஹ சிரிப்புச் சத்தம். குறுக்கும் நெடுக்கும் நடந்து, துபாயில் கூட இருக்கிற ரூம்காரர் கோயாக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாஹ. கோழிக்கோட்டுக்காரர் அவர், இவளும் போனில் ஒன்றிரண்டு தடவை சலாம் சொல்லியிருக்கிறாள். அவஹ கையை ஆட்டி ஆட்டிப் பேசினாஹ, குரல் தெளிந்து, இவள் தினம் சாயங்காலம் கேட்ட அதே குரல். படியில் நின்றபடியே கேட்டாள். காது குளிர்ந்தது, கூடவே நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்தது. பேசி முடித்துக் கீழே வந்த ஆள் "டீ இருக்கா" என்றாஹ. அவ்வளவுதான். கொரோனா ஓய்ந்து விமானம் ஓட ஆரம்பித்ததும் போனாஹ. இறங்கினதும் போன் வந்தது. அன்றைக்குப் பேசினாஹ பாருங்கள், அத்தனை மாசத்தையும் பேசினாஹ. "அன்னிக்கு ஒரு நாள் சீலா மீன் ஆனம் வச்சே பாரு, மாங்காய் போட்டு, அப்படி ஒரு ஆனம் நான் தின்னதே இல்லளா." அந்த மீன் குழம்பை அவஹ தின்னும்போது இவள் எதிரில்தான் நின்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றாஹ, ஒரு வார்த்தை இல்லை. போனை வைத்துவிட்டு ஜுலைகா அழுதாள், எதற்கு என்று கேட்ட மகளிடம் உன் வாப்பா பத்திரமாய் இறங்கினதுக்கு என்றாள்.

எட்ட இருந்தா கிட்ட உறவு, கிட்ட இருந்தா முட்டப் பகை என்று சாச்சி சொல்வாள். பகைகூட வந்ததில்லையே, சண்டை போடவும் இரண்டு வார்த்தை வேண்டும். இப்போது அந்தக் கோயாக்கா விசாவைக் கேன்சல் பண்ணிக்கொண்டு ஊரோடு போய்விட்டார். அவர் போன பிறகுதான் அவஹ குரல் மாறியது. துபாயில் தேரா பக்கம் அத்தர் கடையில் வேலை, இப்போது மேனேஜர், கம்பெனி ஒரு சின்ன ஃபிளாட் கொடுத்திருக்கிறது, பேமிலி விசா எடுக்கலாம். ஒரு நாள் சொன்னாஹ, "வந்துரு ஜுலைகா. பேச ஆளில்லை." இவள் சரி என்றுவிட்டாள். அதற்கப்புறம் அந்த வார்த்தை முள்ளாய் மாட்டிக்கொண்டது. பேச ஆளில்லை என்றுதானே சொன்னாஹ, நீ வேணும் என்று சொல்லவில்லையே. கோயாக்கா இருந்தவரைக்கும் இந்த விசா எங்கே போயிருந்தது. சரி, பேச ஆள் வேணும் என்றுதான் கூப்பிடுகிறாஹ, பேசத்தான் இவள் இருந்தாளே, தினம் இருந்தாளே, தூரத்தில் இருந்த வரைக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பேச ஆளில்லாதது மட்டுமா, போனும் இல்லாமல் போகும். ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு யார் போன் பண்ணுவார்கள். இருந்த ஒன்றையும் கொண்டுபோய் ஏர்போர்ட்டில் கொட்டிவிட்டு வருகிற மாதிரி அல்லவா இது. திரும்பிப் போகலாம் என்றால் அவள் படுத்த அறையில் இப்போது ருக்சானாவும் மருமகனும் படுக்கிறார்கள், வீட்டை மகள் பேரில் எழுதி வைத்தாயிற்று, அதுதானே முறை. உம்மா எப்ப வந்தாலும் வாங்க என்று மகள் கட்டிப்பிடித்து அழுதாள். வாங்க என்று சொல்கிற இடத்துக்குப் போகிறவள் விருந்தாளிதானே. ஆக இரண்டு வீட்டுக்கும் அவள் விருந்தாளி.

எங்கேயோ பாங்கு கேட்டது. ஜுலைகா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வானத்தில் ஏது பள்ளி. ஓரத்து சீட்டில் தொப்பி போட்ட இளையான்குடி ஹாஜியார் ஒருவர் இருந்தார், மதுரையிலிருந்தே வாயில் ஓதல் ஓடிக்கொண்டிருந்த மனிதர், அவர் சட்டைப்பையில் கிடந்த போன்தான் பாங்கு சொன்னது. அவர் அவசரமாக எடுத்து அணைத்துவிட்டு, மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தார். முன் வரிசையிலும் பின் வரிசையிலும் சலசலப்பு, பேரீச்சம்பழ டப்பாக்கள் திறக்கிற சத்தம். நடு சீட்டில் விருதுநகர்ப் பெண் ஒன்று, சுகன்யா என்று பேர், கம்ப்யூட்டர் வேலைக்குத் துபாய் போகிறது. அது ஜன்னலைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டது, "தாத்தா, இன்னும் வெளியில வெயில் அடிக்குதே." ஹாஜியார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சூரியன் ஜன்னலுக்கு முன்பக்கமாக, மேகத்துக்கு இரண்டு முழம் மேலே, கூசக் கூச நின்றது. பொட்டலத்தை மூடினார். "இது மதுரை டைம்ல அடிச்சிருச்சு" என்றார். பிறகு ஏர்ஹோஸ்டஸைக் கூப்பிட்டுக் கேட்டார். நேரம் வந்ததும் கேப்டன் சொல்வார் என்று அது சிரித்துவிட்டுப் போனது. ஹாஜியாருக்குத் திருப்தியில்லை. "கேப்டன் கணக்கு கேப்டனுக்கு. நமக்குக் கண்ணு இருக்கு. ஏம்மா, நீதானே ஜன்னல்ல இருக்கே. நீயும் நோன்புதானே? பார்த்துச் சொல்லும்மா, இறங்கினதும்." பின் வரிசையில் இருந்த இரண்டு பையன்களும், "அக்கா, எங்களுக்கும் சொல்லுங்க" என்றார்கள். அந்தப் பக்கத்து ஜன்னல்காரர்களுக்குச் சூரியனே தெரியாது. சரிங்க காக்கா என்றாள் ஜுலைகா, காயலில் அண்ணனைக் கூப்பிடுவது அப்படித்தான். அவள் வாழ்க்கையில் இத்தனை பேர் சேர்ந்து அவள் சொல்லுக்குக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

சூரியன் இறங்கவில்லை. ஊரில் இதற்குள் கஞ்சிச் சட்டி காலியாகியிருக்கும், ருக்சானா வடைத் தட்டை மருமகன் பக்கம் நகர்த்தியிருப்பாள், அந்தப் பையன் இன்னும் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு வடையோடு நிறுத்தியிருப்பான், போய் அடுப்படியில் உட்காருங்க மருமகனே, இல்லாட்டி அப்படியே கெட்டுப்போகும் என்று இவள் சொல்லிவிட்டு வந்திருக்கலாம், சொல்லவில்லை. விமானம் மேற்கே மேற்கே போய்க்கொண்டிருந்தது, சூரியனும் போய்க்கொண்டிருந்தது, ஒன்றை ஒன்று பிடிக்க முடியாமல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இத்தனை வருஷமாய்க் காத்திருந்தாளே, இங்கே மறைந்ததற்கும் அங்கே மறைவதற்கும் நடுவில், அந்த ஒன்றரை மணி நேரம் இதுதான். அப்போது வாசலில் இருட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள், அங்கே இன்னும் வெயில் என்பதை நம்பித்தான் காத்திருப்பாள், இப்போது அந்த வெயில் கண்ணெதிரே. இதை அவஹளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உடனே எப்படிச் சொல்வது என்று பார்த்தாள். ஏர்போர்ட்டில் நிற்பாஹ. வந்துட்டியா என்பாஹ. வந்துட்டேன் என்பாள். பிரயாணம் சௌகரியமா. சௌகரியம்தான். அப்புறம்? அப்புறம் பெட்டியைப் பார்ப்பாஹ, பெட்டி கனமா இருக்கே என்பாஹ. ஆமா, மாசிக் கருவாடு இருக்கு என்பாள். காரில் ஏறுவார்கள். அதுக்கப்புறம் ஃபிளாட், கதவைத் திறப்பாஹ, ஃபேனைக் குறைக்கட்டுமா என்பாஹ. அதற்கப்புறம் நாளைக்கு, நாளை மறுநாள். போனில் இதே சூரியன் சமாசாரத்தை அரை மணி நேரம் பேசியிருப்பார்கள். அவஹ குறுக்கே குறுக்கே கேட்டிருப்பாஹ, அந்த ஹாஜியார் என்ன செஞ்சாரு, அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு என்று. நேரில் எப்படிச் சொல்ல, எங்கே பார்த்துச் சொல்ல, முகத்தையா, சட்டைப் பட்டனையா. டிவியைப் பார்த்தாள். எண் ரொம்பக் குறைந்திருந்தது. குட்டி விமானத்தின் மூக்கு துபாய் என்ற எழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, தண்ணி வேணும்னா எங்கிட்ட இருக்கு, அப்புறமா" என்றது சுகன்யா. அப்போதுதான் கவனித்தாள், அந்தப் பிள்ளைக்கு வந்த சாப்பாட்டுத் தட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது. "நீ ஏம்மா சாப்பிடலை" என்றாள். "பரவால்ல ஆன்ட்டி, உங்க கூடவே சாப்பிட்டுக்கறேன். நடுவுல உக்காந்துட்டு நான் மட்டும் எப்படி." பெத்த பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வந்தவளுக்கு அது போதும். வெளியே சூரியன் மேகத்தைத் தொட்டு, சிவந்து, பாதியாகி, கால்வாசியாகி, ஒரு நகம் அளவு நின்றது. விமானம் இறங்கத் தொடங்கிக் காது அடைத்தது. "என்னம்மா, இறங்கிருச்சா" என்றார் ஹாஜியார். நகம் போய்விட்டிருந்தது. வெறும் சிவப்பு வரிதான் இருந்தது, அது சூரியன் கணக்கில் வராது, அது அவளுக்கே தெரியும். "இன்னும் இருக்கு காக்கா" என்றாள். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. இறங்கிவிட்டது என்று சொன்னால் எல்லாம் இறங்கிவிடும், விமானமும் இறங்கிவிடும், அவஹ கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிடுவாஹ. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், கொஞ்சம் போல. ஹாஜியார் சரிம்மா என்று பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பின்னால் பையன்கள் பேரீச்சம்பழ டப்பாவை மடியில் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். பட்டினி கிடக்கிறவர்களை உட்கார வைத்துவிட்டு, கட்டின புருஷன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, நோன்பு வாயால் பொய் சொல்கிற பொம்பளை நான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. "போயிருச்சு காக்கா. தொறங்க. எப்பவோ போயிருச்சு" என்றாள். கேப்டனும் அப்போதுதான் சொன்னார். அவளும் ஒரு பழத்தைக் கடித்தாள், சுகன்யா நீட்டின தண்ணீரைக் குடித்தாள், தண்ணீர் நெஞ்சில் இறங்குவது தெரிந்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது, அவள் கேட்டுக்கொண்டா நடக்கும். சக்கரம் தரையைத் தொட்டுக் குலுங்கியது. சுகன்யா கூடவே வந்து, கண்ணைப் படமெடுக்கிற மெஷின் முன்னால் நிற்கச் சொல்லி, பெட்டி வருகிற இடத்தில் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்து, வரட்டுமா ஆன்ட்டி என்று கையைத் தொட்டுவிட்டுக் கூட்டத்தில் கரைந்தது. ஹாஜியாரை யாரோ மகன் வந்து அணைத்துக்கொண்டு போனான். ஜுலைகா வண்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நூறு முகம். பேர் எழுதின அட்டைகள், பூங்கொத்து, பலூன் வைத்திருக்கிற குழந்தைகள். ஒரு தூணை ஒட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவஹ. போன லீவில் பார்த்ததைவிட உடம்பு இளைத்திருந்தது. அவஹளும் பார்த்துவிட்டாஹ. கையை ஆட்டவில்லை. ஆட்டலாமா என்று பாதி தூக்கின கை அப்படியே சட்டைப்பைக்குப் போனது. இவளும் நின்றுவிட்டாள். பின்னால் வந்த வண்டிக்காரன் என்னவோ திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். அப்போது அவள் கைப்பைக்குள் போன் அடித்தது, ஊரில் மருமகன் ரோமிங் போட்டுக் கொடுத்த போன். எடுத்துப் பார்த்தாள். நிமிர்ந்து தூணைப் பார்த்தாள். அவஹ காதில் போன் இருந்தது.

"ஏளா, வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"நோன்பு தொறந்தியா, இல்ல பட்டினியா?"

"தொறந்தேன். அதை ஏன் கேக்கிறீங்க, சூரியன் இறங்கவே மாட்டேன்னுட்டு. இளையான்குடிக்காரர் ஒருத்தர், பெரிய மனுஷன், எங்கிட்டப் பொறுப்பைக் குடுத்துட்டாரு, நீ பார்த்துச் சொல்லும்மான்னு."

"உங்கிட்டயா? வெளங்கினாப்புலதான். அப்புறம்?"

அப்புறம் என்ன, மடை திறந்துவிட்டது. அவள் சொல்லச் சொல்ல அவஹ தூண்பக்கம் சிரிப்பது கண்ணுக்கும் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. மத்தியானமே கஞ்சி காய்ச்சி வைத்ததாகவும், உப்பு கூடிப்போச்சு, தண்ணி ஊத்தினா சரியாப் போகுமா என்றும் அவஹ கேட்டாஹ. தேங்காய்ப் பால் ஊத்துங்க என்றாள். பேசிக்கொண்டே வண்டியைத் தள்ளினாள். கம்பி முடிகிற இடத்தில் சுற்றி அவஹளும் வந்தாஹ. நெருங்க நெருங்க ஒரே குரல் இரண்டாய்க் கேட்டது, ஒன்று நேராக, ஒன்று கொஞ்சம் பிந்திப் போனில். கைக்கெட்டும் தூரம் வந்ததும் அவஹ பேச்சு தடுக்கியது. முகம் விருந்தாளி முகம் ஆகத் தொடங்கியது. போனைப் பிடித்த கை மெல்ல இறங்கியது.

"வைக்காதீங்க" என்றாள் ஜுலைகா, போனுக்குள்.

அவஹ ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டாஹ. "சரி" என்றாஹ. கார் நிற்கிற இடத்துக்கு வழி காட்டி, முன்னால் இரண்டடி நடந்தாஹ, பெட்டி கனமா இருக்கே என்று போனில் சொல்லிக்கொண்டே. அப்போதுதான் அவள் பார்த்தாள். இடது கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தோள் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"காலுக்கு என்ன?"

"எந்தக் கால்? ஒண்ணுமில்லையே" என்றது போன். தெம்பான குரல், சிரிப்புக் கலந்த குரல். அந்தக் குரல் எத்தனை ராத்திரி ஒண்ணுமில்லை என்று சொல்லியிருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு அவள் எத்தனை ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். கண்ணெதிரே அந்த மனுஷன் படியை ஒட்டின சரிவில் காலை எடுத்து வைக்க யோசித்து நின்றாஹ.

"நில்லுங்க" என்றாள். போனைக் கைப்பைக்குள் போட்டாள். வண்டியை அவஹ பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அவஹ இடது கையை எடுத்து வண்டியின் கைப்பிடியில் வைத்தாள். ஏர்போர்ட்டில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், அவளாக அவஹ கையைத் தொட்டது இதுதான் முதல் தடவை. "தள்ளாண்டாம். சாஞ்சுக்கிட்டு வாங்க. நான் தள்ளுறேன்."

அவஹ காதில் இன்னும் போன் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை போல. குரல் உடைந்துபோயிருந்தது. "உனக்கு வழி தெரியாதே, ஜுலைகா."

"தெரியாதுதான்" என்றாள் அவள், முகத்தைப் பார்த்து. "நீங்க சொல்லிக்கிட்டே வாங்க."